மருத்துவர் கையெழுத்துப் போட்ட வில்

டுலூத், மினசோட்டா
நவம்பர் 3, 1996

வெர்லின் அண்ணா,

வழக்கமாக முன்னால் எழுதும் 'அன்புள்ள' இந்த முறை வரவில்லை. விட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை நடந்ததைப் பற்றி நீயே கூப்பிட்டுப் பேசுவாய் என்று எட்டு நாள் காத்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. எனவே நானே எழுதுகிறேன்.

சதுப்பு ஓரத்துப் பரணில் நீ இருந்தாய். நாற்பது அடி தள்ளி அடுத்த மரத்தில் நான். அந்தப் பெண்மான் உனக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நின்றது. பத்து வயதிலிருந்து நீ வில் பிடிக்கிறாய். அந்தத் தூரத்தில் நீ தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை. அம்பு வயிற்றில் போய் ஏறியது. சரி, யாருக்கும் கை தவறும். அதற்குப் பிறகு நீ சிரித்தாய். இறங்கி வந்து, "போச்சு, விடு கொரீன். குள்ளநரிக்குப் போகட்டும்"னு சொன்னாய். நம் வீட்டில் யார் வாயிலிருந்தும் அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை.

மறுநாள் காலையில் நானும் பிரிட்டாவும்தான் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போனோம். அவளுக்குப் பதின்மூன்று வயது. முதல் வேட்டை. புதருக்குள் அந்த மான் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. இரவு முழுக்க உயிரோடு இருந்திருக்கிறது. கத்தியை எடுத்து நான் முடித்தேன். பிரிட்டா வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தால் நீ வண்டிக்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய். எழுப்பியதும் இறங்கித் தள்ளாடினாய்.

வாடை அடிக்கவில்லை. ஆனால் அந்த நடை எனக்குத் தெரியும். அப்பா கடைத்தெருவில் நடந்த நடை. குடித்துக் குடித்து நாற்பத்தேழு வயதில் அரசுக் காப்பகத்தில் செத்தாரே, அவருடைய நடை.

அடுத்த வருடம் நாங்கள் வரவில்லை.

கொரீன்

---

ஃபெர்ன் ஏரி
நவம்பர் 20, 1996

அன்புள்ள கொரீன்,

நீ எழுதியது சரி. குடித்திருந்தேன். இனி ஒருமுறை அப்படி நடக்காது.

பிரிட்டாவிடம் சொல், அவள் மாமா வெட்கப்படுகிறான் என்று. வில் சங்கத்தின் தலைவர் பொறுப்பை விட்டுவிட்டேன். பன்னிரண்டு வருடம் போதும்.

எழுத்து கோணலாக இருக்கிறது. அடுப்பு சரியாக எரியவில்லை, விரல் விறைக்கிறது.

வெர்லின்

---

டுலூத்
பிப்ரவரி 11, 1997

அண்ணா,

கிறிஸ்துமஸ் அன்று நீ தொலைபேசியில் பேசியபோது பாதியில் வைத்துவிட்டேன். காலை பதினொரு மணிக்கே நாக்கு குழறுகிறவனோடு என்ன பேசுவது? வைத்த பிறகு அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு செய்தி. நான் கர்ப்பமாக இருக்கிறேன். ஆகஸ்டில் பிறக்கும். முப்பத்தைந்து வயதில்! லீலண்ட் வீட்டுக்குள் நடனமாடிக்கொண்டு திரிகிறார். பிரிட்டா, "அம்மா, தயவுசெஞ்சு இதை என் ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்லிடாதே"ன்னு கெஞ்சுகிறாள். நான் ஓட்டுவதே அவள் பள்ளிப் பேருந்தைத்தான். இன்னும் எத்தனை நாள் மறைப்பது?

நீ ஞானத்தந்தையாக நிற்க வேண்டும் என்று எனக்கும் லீலண்டுக்கும் ஆசை. ஒரே நிபந்தனை, குடியை விட்டுவிட்டு வா. நம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைகளில் அதற்கென்று ஒரு கூட்டம் நடக்கிறதாம். போய் உட்கார். காப்பியாவது நன்றாக இருக்கும்.

கொரீன்

---

ஃபெர்ன் ஏரி
மார்ச் 29, 1997

அன்புள்ள கொரீன்,

தட்டச்சில் வருகிறதே என்று கோபித்துக்கொள்ளாதே. பழைய பொருள் விற்பனையில் கிடைத்தது. பொழுது போகிறது.

குழந்தைச் செய்தியைப் பலமுறை படித்தேன். மகிழ்ச்சி. மரம் அறுக்கும் வேலையை விட்டுவிட்டேன். அந்த ரம்பத்துக்கும் எனக்கும் இனி ஒத்துவராது. ஞானத்தந்தைக்கு லீலண்டின் அண்ணனைக் கேள். அவர் என்னைவிட நன்றாகப் பாடுவார்.

நன்றாகச் சாப்பிடு. பால் குடி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பாவைப் பற்றி இனிமேல் அப்படி எழுதாதே.

வெர்லின்

---

டுலூத்
செப்டம்பர் 14, 1997

அண்ணா,

இங்காவுக்கு நான்கு வாரம் ஆகிறது. எட்டு பவுண்ட். உன் காது. நீ அனுப்பிய கம்பளிப் போர்வை வந்தது. கூடவே நீயும் வந்திருக்கலாம்.

நேற்று மார்லிஸ் கூப்பிட்டாள். வேட்டை உரிமம் விற்கும் கடையில் இப்போது அவள்தான் இருக்கிறாளாம். வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டாள். ஆனால் அவளால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியுமா?

"கொரீன், உங்க அண்ணன் என்ன செஞ்சிருக்கார் தெரியுமா? குறுக்குவில் வாங்கிட்டார்டி! கடையில நின்னுட்டிருந்த நம்ம கேலோர்ட் காப்பியைச் சட்டையிலயே கொட்டிட்டார்."

"எந்த அண்ணன்? எனக்கு ஒரே அண்ணன்தானே?"

"அந்த ஒரே அண்ணன்தான். டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு கொண்டுவந்து கொடுத்தார். அது இல்லாம அதைத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போக முடியாதே."

கை முடியாதவர்களுக்கு விசை வைத்த குறுக்குவில்லை அனுமதிக்கும் விதியைப் பற்றி ஊர்க் கூட்டம் போட்டபோது எழுந்து நின்று, "நாணைப் பிடிச்சு நிக்கத் தெம்பில்லாதவன் வீட்டுல உக்காந்து பீன்ஸ் டப்பாவைச் சுடட்டும்"னு பேசினது யார்? கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

கேலி செய்யத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதச் சிரிப்பு போய்விட்டது. குடிகாரனுக்கு எந்த மருத்துவரும் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட மாட்டார். தோளா? முதுகா? எதற்காகக் கையெழுத்துப் போட்டார் என்று சொல். சொல்லாவிட்டால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே வந்து நிற்பேன்.

கொரீன்

---

ஃபெர்ன் ஏரி
செப்டம்பர் 22, 1997

அன்புள்ள கொரீன்,

இதை அடிக்க நான்கு நாள் ஆயிற்று. விரல் ஒரே எழுத்தை இரண்டு தடவை தட்டிவிடுகிறது. மற்றபடி நான் சொல்லப்போவதில் எந்தப் பிழையும் இல்லை. பெரிய நகரத்து மருத்துவமனையில் இரண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

நான் குடிக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, கிறிஸ்துமஸ் அன்றும் இல்லை.

என் கை கால்கள் என்னைக் கேட்காமல் தாமாகவே துள்ளுகின்றன. இரண்டு வருடமாக. முதலில் தோளில் லேசாக. பிறகு விரலில். அன்று பரணில் நாணை முழுக்க இழுத்துப் பிடித்திருந்தேன். மூன்று விரல் அறுபது பவுண்ட் இழுவையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தோள் துள்ளியது, நாண் நழுவியது. சிரிப்பும் அப்படித்தான் வந்தது. உள்ளே ஒன்றுமே சிரிக்கவில்லை. முகம் மட்டும் சிரித்தது. குள்ளநரி என்று சொன்ன வாய் மட்டும் என்னுடையது. அதற்கு எந்த நோயையும் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன்.

நோயின் பெயர் ஹண்டிங்டன். ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்குள்ளேயே வேட்டை இருக்கிறது பார்த்தாயா? மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது உட்கார்ந்துகொள். இது இரத்தத்தில் வருவது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவுக்கு இருந்தது இதுதான். அவர் காப்பகக் குறிப்புகளை மருத்துவர் வரவழைத்துப் படித்தார். 'குடி' என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் அவர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். அப்பா ஒரு நாளைக்கு ஒரு பியருக்கு மேல் குடித்து நான் பார்த்ததில்லை. நீயும் பார்த்ததில்லை. ஊர் சொன்னதை நாம் இருவரும் நம்பிவிட்டோம்.

சோதனை முடிவு எனக்கு வந்தது மார்ச் ஆறாம் தேதி. அதற்கு முன்பே உன் பிப்ரவரிக் கடிதம் என் மேசை மேல் இருந்தது. ஆகஸ்டில் குழந்தை என்று எழுதியிருந்தாய். நான் என்ன செய்வது? பதில் எழுத மூன்று வாரம் ஆனது. பால் குடி என்று எழுதினேன். குடிகாரன் என்று நீ நினைப்பது, இதை நீ தெரிந்துகொள்வதைவிட எனக்கு எளிதாக இருந்தது.

குறுக்குவில் விஷயம். வேட்டையை நிறுத்திவிடலாமே என்று கேட்பாய். நிறுத்தத்தான் இருந்தேன், வில்லை விற்றுவிட்டேன். ஆனால் விடிந்தால் அந்த மான் நினைவுக்கு வருகிறது. நான் கடைசியாக அம்பு விட்டது அதன் மேல் என்று முடிந்துவிடக் கூடாது. குறுக்குவில்லில் நாணைக் கொக்கி பிடித்துக்கொள்கிறது. கவட்டைக் குச்சி மேல் அதை வைத்துவிட்டால் என் கை இஷ்டத்துக்குத் துள்ளலாம். இரண்டு துள்ளலுக்கு நடுவே ஓர் இடைவெளி வரும், அது எனக்குத் தெரியும். அப்போது ஒரு விரல் மட்டும் அசைந்தால் போதும். வைக்கோல் கட்டில் முப்பது அம்பு விட்டுப் பார்த்தேன். ஒன்று வெளியே போயிருந்தாலும் அதையும் விற்றிருப்பேன். போகவில்லை.

கூட்டத்தில் நான் பேசியதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்று பின் வரிசையில் ஒரு கை இல்லாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடிக்கும் முன்பே எழுந்து போனார்.

வெர்லின்

---

டுலூத்
செப்டம்பர் 27, 1997

மார்ச் ஆறாம் தேதியே உனக்குத் தெரியும். என் வயிற்றில் இருந்த பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதை நீ ஆறு மாதம் உன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாய்.

கொரீன்

---

டுலூத்
அக்டோபர் 12, 1997

அன்புள்ள அண்ணா,

போன கடிதத்தைத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் அதோடு நிறுத்தவும் முடியவில்லை.

இங்கா என் மடியில் தூங்குகிறாள். ஒரு கையால் எழுதுகிறேன். மார்ச்சில் நீ சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று லீலண்ட் கேட்டார். "தெரியலை"ன்னு சொன்னேன். பொய். தெரியும். அவள் இன்று மடியில் இருந்திருக்க மாட்டாள். எனக்காக நீ முடிவெடுத்தது தவறு, அண்ணா. சாகிற வரை அதைத் தவறு என்றுதான் சொல்வேன். சொல்லிக்கொண்டே இவள் தலையை முகர்ந்துகொண்டும் இருப்பேன். இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா தபால் நிலையத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் இரண்டு தடவை சாய்ந்தார். எதிரே என் வகுப்புப் பெண்கள் வந்தார்கள். "அப்பா, நீங்க அந்தப் பக்கமா நடங்க. நான் இந்தப் பக்கமா வரேன்"னு சொன்னேன். அவர் சரி என்று தெருவைக் கடந்து போனார். தபால் நிலையம் வரை நாங்கள் இரண்டு பக்கமும் நடந்தோம். இதை யாரிடமும் சொன்னதில்லை. வயிற்றில் அம்பு பட்ட மானைப் பற்றி உனக்கு அவ்வளவு எழுதினேனே, எழுதும்போது இது எனக்கு நினைவில் இல்லை.

இருபத்தைந்தாம் தேதி நான் மட்டும் வருகிறேன். பிரிட்டா இங்காவைப் பார்த்துக்கொள்வாள். பரண் ஏற வேண்டாம். தரையிலேயே மறைப்புக் கட்டிவை. உன் பக்கத்தில் உட்காருவேன். இந்தத் தடவை தெருவின் ஒரே பக்கம்.

கொரீன்

---

ஃபெர்ன் ஏரி
நவம்பர் 2, 1997

அன்புள்ள கொரீன்,

கிளம்பும்போது கேட்டாய், "அந்தக் கொம்புமான் அவ்வளவு நேரம் நின்னுதே, ஏன் அம்பு விடலை?" என்று. நான் உருளைக்கிழங்கு மூட்டையை உன் வண்டியில் ஏற்றினேன். பேச வராததைத் தட்டச்சில் அடிக்கிறேன்.

சனிக்கிழமை அது வந்து நின்றபோது என் கை ஓய்ந்துதான் இருந்தது. நல்ல இடைவெளி. விசையில் விரல் இருந்தது. ஒரு தடவை உன் பக்கம் பார்த்தேன். நீ மானைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதே கை உனக்கும் வருமா என்று பார்த்தாய். தப்பில்லை, நானாக இருந்தாலும் பார்ப்பேன். ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் என்னால் விசையை அழுத்த முடியவில்லை.

ஞாயிறு காலை அந்தப் பெண்மான் வந்தபோது நீ என் கையை மறந்திருந்தாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு மானையே பார்த்தாய். அப்போது விட்டேன். முப்பது தப்படி ஓடி விழுந்தது. நாம் போய்ச் சேரும் முன்பே உயிர் போயிருந்தது. நீ அழுதாய், நான் சிரித்தேன். பயந்திருப்பாய். பயப்படாதே, அன்று சிரித்தது நான்தான்.

ஒரு வேலை தருகிறேன், மறுக்காதே. இந்த நோயில் தனக்கு முடியவில்லை என்பது நோயாளிக்குத்தான் கடைசியில் தெரியுமாம். மருத்துவர் சொன்னார். அதனால்தான் துணை இல்லாமல் காட்டுக்குப் போகக் கூடாது என்று சீட்டிலேயே எழுதிவிட்டார். ஒவ்வொரு செப்டம்பரிலும் உன்னைக் கேட்பேன், இந்த வருடம் போகலாமா என்று. நீ உண்மையைச் சொல்ல வேண்டும். நான் வாதாட மாட்டேன்.

இறைச்சியில் பாதி உறைய வைத்திருக்கிறது. வந்து எடுத்துக்கொள்.

வெர்லின்

---

டுலூத்
ஏப்ரல் 8, 1998

அன்புள்ள அண்ணா,

பிரிட்டாவுக்காகத்தான் சோதனைக்குப் போனேன். முடிவை நேரில்தான் சொல்வார்களாம். லீலண்ட் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இல்லை. என்னிடம் இல்லாததால் பிள்ளைகளுக்கும் இல்லை.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். சாவியைப் போட முடியவில்லை. ஒரு தகப்பனுக்குப் பிறந்த இருவர். ஏன் உனக்கு, ஏன் எனக்கு இல்லை? வழியில் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றார் லீலண்ட். அவர்மேல் எரிந்து விழுந்தேன். உனக்குத் தொலைபேசியில் சொல்ல என்னால் முடியாது. நீ மகிழ்ச்சியாகப் பேசுவாய், அதை என்னால் தாங்க முடியாது.

கொரீன்

---

ஃபெர்ன் ஏரி
ஏப்ரல் 11, 1998

கொரீன்,

கேக் வாங்கு. லீலண்டிடம் மன்னிப்புக் கேள்.

உன் கடிதத்தைத் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன். பனிச்சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கேலோர்ட் வண்டியை நிறுத்தி, "என்னய்யா, விழுந்துட்டியா?"ன்னு கேட்டார். "இல்ல, ஜெபம் பண்றேன்"னேன். இருபது வருடமாக என்னைத் தேவாலயத்தில் பார்க்காத மனுஷர். வண்டியை விட்டு இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். தொப்பியைக் கூடக் கழற்றினார்.

பாதிக்குப் பாதி என்றார்களே. நம் வீட்டில் அது சரியாகப் பாதியாகவே வந்திருக்கிறது. உன் பாதி போதும் எனக்கு.

வெர்லின்

---

ஃபெர்ன் ஏரி
செப்டம்பர் 6, 1999

அன்புள்ள கொரீன்,

சுருக்கமாக அடிக்கிறேன். ஒரு வரிக்கு ஒரு மணி ஆகிறது.

போன வருடம் சரி என்றாய். போனோம். இந்த வருடம் போகலாமா?

வெர்லின்

---

டுலூத்
செப்டம்பர் 10, 1999

அன்புள்ள அண்ணா,

இல்லை. இந்த வருடம் வேண்டாம்.

ஐந்து தாள் கிழித்துவிட்டு அந்த வரியை எழுதினேன். காரணமும் சொல்கிறேன், உனக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது. ஆகஸ்டில் நாங்கள் வந்திருந்தபோது நீ வைக்கோல் கட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். நாண் ஏற்றி அம்பும் வைத்திருந்தாய். இங்கா புல்லில் ஓடி வந்தாள். அவளைக் கூப்பிட நீ திரும்பினாய், கூடவே குறுக்குவில்லும் திரும்பியது. நான் வந்து அம்பை எடுத்தேன். "ஏன் எடுத்தே? என்ன ஆச்சு?"ன்னு கேட்டாய். உனக்குத் தெரியவே இல்லை, அண்ணா. அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்கும் வரை தள்ளிப்போட்டேன். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்த மூன்று வாரத்தில் எனக்குப் புரிந்தது. உன் ஆறு மாதத்தை நினைத்துக்கொண்டேன்.

என் வில்லை எடுத்துக்கொண்டு வருகிறேன். தோள் இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஒரே மறைப்புக்குள் இருவரும் உட்காருவோம். எப்போது என்பதை நீ சொல்ல வேண்டும். நீ சொல்லாமல் நான் நாணை விட மாட்டேன். நீ வேண்டாம் என்றால் மான் நடந்து போகட்டும்.

என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு. தட்டச்சில் அடிக்க முடியாவிட்டால் கேலோர்டை எழுதச் சொல்.

கொரீன்

---

ஃபெர்ன் ஏரி
செப்டம்பர் 19, 1999

அன்புள்ள கொரீன்,

வெர்லின் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கேலோர்ட்.

'மூன்று நாள் உன்னைத் திட்டினேன். கேலோர்ட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றையும் எழுத மாட்டேன் என்கிறார். நாலாம் நாள் குறுக்குவில்லை அவர் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஊர்க் கூட்டத்தில் எழுந்து போன, ஒரு கை இல்லாத ஒருவரைப் பற்றி எழுதினேனே, அவர் வீட்டை மார்லிஸ் கண்டுபிடித்துக் கொடுத்தாள். நேற்று நேரில் போய்க் கொடுத்தோம். பழைய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். நான் குழறியது அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள் என்றார். மறுபடி சொன்னேன். உள்ளே வரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். கோப்பையைக் கேலோர்ட் பிடித்துக்கொண்டார்.

அங்கிருந்து வந்து மறைப்பைக் கூட்டிச் சுத்தம் செய்தோம். இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறது. காற்று மேற்கிலிருந்து வந்தால் நீ இடப்பக்கம் உட்கார வேண்டும்.

ஒன்று இப்போதே சொல்லிவிடுகிறேன். மான் இருபது தப்படிக்கு மேல் தள்ளி நின்றால் நான் 'இப்போ' சொல்ல மாட்டேன். எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும் சரி. நீ என்ன முறைத்தாலும் சரி.'

இதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். அவன்தான் சிரித்தான் என்று எழுதச் சொல்கிறான்.